என் தாலி இப்போது என் கணவர் கழுத்தில்

இன்று காலையும் என் கணவர் என் தாலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கடைக்குப் போனார்!

(டைப்பிங் மிஸ்டேக் இல்லை.)

விஷயம் இதுதான். என் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி போட்டு டெஸ்ட் எடுத்ததில் தைராய்டு கேன்சர் என்று வந்தது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"குரல் நரம்பு பக்கத்துலயே போகுதும்மா. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். ஆனா குரல் மாறலாம், போகவும் போகலாம்."

நான் தென்னூரில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். என் சத்தம் பக்கத்து கிளாஸ் வரைக்கும் கேட்கிறது என்று ஹெச்.எம். பலமுறை சொல்லியிருக்கிறார். (பாராட்டு இல்லை, கம்ப்ளெயின்ட்!) கேன்சரைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆபரேஷன் அன்று நர்ஸ் வந்து, "நகை எல்லாம் கழட்டிடுங்கக்கா" என்றார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து எங்களோடு வந்திருந்த என் மாமியார் பதறிவிட்டார்.

"தாலியையுமா? அது மட்டும் இருக்கட்டுமே. மேல பிளாஸ்திரி ஒட்டிடுங்களேன்."

"அம்மா, ஆபரேஷனே கழுத்துலதான்!"

"அப்ப கையில சுத்தி விடட்டுமா?"

"மெட்டல் எதுவுமே உள்ள வரக்கூடாதும்மா."

மாமியார், நான் கழற்றிக் கொடுத்த தாலிச் செயினை வாங்கித் தன் மகன் தலைவழியே மாட்டிவிட்டார்.

"நீதானே கட்டுன? அவ வெளிய வர்ற வரைக்கும் நீயே போட்டுக்க. பையிலல்லாம் வைக்கக் கூடாது."

ஸ்ட்ரெச்சரில் போகும்போது நான் கடைசியாகப் பார்த்தது, தாலியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்த என் கணவரைத்தான்.

கண் விழித்ததும் டாக்டர், "உங்க பேரைச் சொல்லுங்க" என்றார்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"வீக்கம் இருக்கும், நாளைக்குப் பாக்கலாம்" என்று போய்விட்டார்.

அன்று முழுக்க செல்போனில் டைப் செய்துதான் பேசினேன். இனி போர்டில் எழுதிப் போட்டே பாடம் நடத்த முடியுமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். அழுகை வந்தது. அழுதால் தையல் இழுத்தது, நிறுத்திவிட்டேன்.

மறுநாள் ரவுண்ட்ஸ். டாக்டர், நர்ஸ்கள், பயிற்சிக்கு வந்த மாணவர்கள் என்று பெரிய கூட்டம். என் கணவர் எனக்கு இளநீர் கொடுக்கக் குனிந்தார். சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் தாலி வெளியே விழுந்து ஆடியது!

"ஏங்க! பட்டனைப் போடுங்க!"

சொன்னது நான்தான். கரகரப்பாகத்தான் வந்தது. ஆனால் பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "பேரெல்லாம் வேணாம்மா. இதுவே போதும்."

"ரங்கநாதா!" என்று மாமியார் கைகூப்பினார். என் கணவர் பட்டனைப் போடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் தழும்பில் எதுவும் உரசக்கூடாது என்றார்கள். அதனால் தாலி அவரிடமே இருந்தது. தினமும் ஒரே புலம்பல்.

"இத்தனை வருஷமா எப்படி இதோட தூங்குன? குத்துதே!"

நேற்று செக்கப். தழும்பு ஆறிவிட்டது, செயின் போடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கூலுக்கும் போகலாம். (கடைசி பெஞ்ச், உஷார்!) ஒரு ஸ்கேன் மட்டும் பாக்கி இருக்கிறது.

இன்று காலை கையை நீட்டினேன். "கொடுங்க."

"ஸ்கேன் நல்லபடியா முடியட்டும். அதுவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

"குத்துதுன்னு சொன்னீங்க?"

"குத்தட்டும்" என்றவர், மேல் பட்டனை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.