உல்லாஸ்நகர் வண்டியின் சீட்டு

நாகூர் மீரானிடம் தோல் விற்க வருகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. மனிதர் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். புரட்டிப் போட்டு உள்பக்கத்தைத் தடவுவார், மடித்துப் பிடித்துக் கனம் சொல்லுவார். தாராவியில் பதினெட்டு வருசமாகப் பர்சும் கைப்பையும் தைத்து விற்கிறவரை ஏமாற்ற இதுவரை யாராலும் முடிந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் ஒரு பழைய காரின் சீட்டைத் தடவிப் பார்த்துச் சொக்கிப்போனார் என்றால் நம்புவீர்களா? சொக்கித்தான் போனார்.

கார் அவருக்கு ஆடம்பரம் இல்லை. போன வருசம் ஜூலையில் மனைவி ஹபீபாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. வெளியே விடாத மழை. இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள் வரமாட்டேன் என்றார்கள். ஏற்றிக்கொண்ட மூன்றாவது ரிக்‌ஷா பாதி வழியில் சயானில் தண்ணீருக்குள் இறங்கி அப்படியே நின்றுபோனது. செம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா, "ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா" என்றார். பிள்ளை தங்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் மீரானை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது.

இப்போது ஹபீபாவுக்கு மறுபடியும் ஏழு மாதம். பிரசவம் ஜூலைக் கடைசியில் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் ஒரு வண்டி வாங்கி நிறுத்த வேண்டும், சாவியைத் திருப்பினால் அது கிளம்ப வேண்டும். கையில் இருந்தது மூன்றரை லட்சம்.

செம்பூரில் கேரேஜ் வைத்திருந்த சொரிமுத்து அவருடைய பழைய கூட்டாளி. அவர் முதலில் நெருளுக்குக் கூட்டிப்போய் ஷைனி என்கிற டீச்சரின் வண்டியைக் காட்டினார். பத்து வருசம் ஓடிய வண்டி. இடது கதவில் சொட்டை, சீட்டெல்லாம் வெளுத்துப்போன துணி. ஆனால் ஒவ்வொரு சர்வீசுக்கும் ரசீது வைத்திருந்தார் அந்த அம்மா. சொரிமுத்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "கண்ணை மூடிக்கிட்டு எடும் பாய்" என்றார். மீரானுக்கு மனசு ஒப்பவில்லை. தோல்காரன் துணி சீட்டில் உட்கார்ந்து போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? வீம்பு எந்த நேரத்தில் வந்து தொலைக்கிறது பாருங்கள்.

மறுநாள் உல்லாஸ்நகர். பழைய கார் விற்கிற நாகராஜின் கொட்டகையில் பளபளவென்று நின்றது இன்னொன்று. ஐந்து வருச வண்டி, விலை நெருள் வண்டியைவிடக் கொஞ்சம்தான் கூட. உள்ளே அசல் தோல் சீட்டு. மீரான் மடிப்பில் விரலை வைத்து அழுத்தினார்.

"ரெண்டரை மில்லி இருக்கும்வே. காருக்கு இவ்வளவு கனத்துல எவன் தோல் போடுதான்?"

"இஞ்சின்ல எனக்கு ஒண்ணும் தட்டுப்படல. ஆனா இந்த விலைக்கு இந்த வண்டி வராதே பாய், அதான் உறுத்துது" என்றார் சொரிமுத்து.

"உமக்கு இஞ்சின் தெரியும், எனக்குத் தோல் தெரியும். சீட்டை இப்படி வச்சிருந்தவன் வண்டியையும் அப்படித்தான் வச்சிருப்பான்."

இருபதாயிரம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மீதிப் பணத்தோடு ஹபீபாவையும் கூட்டிக்கொண்டு போனார் மீரான். முறைத்துக்கொண்டே சொரிமுத்துவும் வந்தார். ஹபீபா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு நிமிசம் ஆகியிருக்காது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"கொமட்டுது மச்சான். போன மழையில நம்ம கொடவுனுக்குள்ள தண்ணி ஏறித் தோலெல்லாம் அழுகிச்சே, அதே வாடை."

நாகராஜ் சிரித்தான். "மாசமா இருக்கிறவங்களுக்கு எல்லாம் நாறத்தான்ணே செய்யும்."

மீரான் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பதினெட்டு வருசம் தோலிலும் பசையிலும் கிடந்த மூக்கு, முகத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கொடவுன் என்று கேட்டதும் கை தானாக அந்த மடிப்புக்குப் போனது. அதே கனம். கிழிந்த பையைச் சரிபண்ணக் கொடுத்தால், பழசை எடுக்காமல் மேலேயே புதுத்தோலை வைத்துத் தைத்துக் கொடுக்கிற சோம்பேறிகள் தாராவியிலேயே உண்டு. அந்த வேலைக்குத்தான் இந்தக் கனம் வரும். இது ஏன் அன்றைக்கே தோன்றவில்லை என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சட்டைப் பையிலிருந்து தோல் சீவுகிற சிறுகத்தியை எடுத்தார். நாகராஜின் சிரிப்பு நின்றது.

"அண்ணே, கத்தியை உள்ள வைங்க. தையல்ல கை வச்சா வண்டி உங்களுது. முழுப்பணத்தையும் வச்சிட்டுத்தான் போகணும்."

கொட்டகையில் வேலை பார்த்த இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள். மீரான் கத்தியை மடிப்பில் வைத்தபடி நின்றார். சந்தேகம் தப்பென்றால் நல்ல சீட்டு பாழ். சரியென்றால் கெட்ட வண்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள். இருக்கிற பணமெல்லாம் இதுதான், மழைக்கு மூன்று வாரம்கூட இல்லை. திரும்பி ஹபீபாவைப் பார்த்தார். அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பிரிங்க மச்சான்" என்றாள்.

ஒரு சாண் நீளத்துக்குத் தையலை அறுத்தார். புதுத்தோலுக்கு அடியில் பழைய தோல் அப்பளமாக விறைத்துக் கிடந்தது. அதன்மேல் வெள்ளை உப்பு பூத்திருந்தது. விரலை உள்ளே விட்டு எடுத்தார், நகக்கண்ணில் காய்ந்த சேறு. இந்த வண்டி எந்த வெள்ளத்திலோ சீட்டு உயரத்துக்கு முங்கி எழுந்திருக்கிறது.

"ஒயரெல்லாம் உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும். முத மழையிலயே நடுரோட்டுல நின்னுரும் பாய்" என்றார் சொரிமுத்து மெதுவாக.

மீரானின் கண்ணுக்கு முன்னால் சயானும் அந்த ரிக்‌ஷாவும் வந்து நின்றன. அதே இடத்துக்குத் தன் கையாலேயே அவளை மறுபடியும் கூட்டிப்போகப் பார்த்திருக்கிறார். அந்த நேரம் வண்டி பார்க்க வந்த ஒரு குடும்பம் எட்டி எட்டிப் பார்த்ததால் நாகராஜ் சத்தம் போடாமல், "போங்கண்ணே, டோக்கன் மட்டும் கிடைக்காது" என்றான். இருபதாயிரம் போனாலும் மீதி நெருள் வண்டிக்குப் போதும் என்று மீரான் வெளியே வந்து ஷைனி டீச்சருக்குப் போன் போட்டார்.

"சாயங்காலம் ஒருத்தர் பணத்தோட வாரேன்னு சொல்லியிருக்காரே" என்றார் டீச்சர்.

"நாங்க இப்பமே வாரோம் டீச்சர். அவர் வர்றதுக்குள்ள வந்திருவோம்." கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார், வெட்கமே படவில்லை.

ஜூலை இருபத்திரண்டாம் தேதி மதியம், கொட்டுகிற மழையில், சொட்டை விழுந்த கதவைத் திறந்து ஹபீபாவைப் பின்சீட்டில் ஏற்றினார். பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே கிளம்பியது. சயான் தாண்டும்போது அவளுக்குப் பனிக்குடம் உடைந்து சீட்டெல்லாம் நனைந்தது. அரைமணி நேரத்தில் செம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெண் பிள்ளை, பெயர் உமைரா.

தோல்காரர் தன் வண்டிக்கு இன்னும் ஒரு சீட் கவர்கூடத் தைத்துப் போடவில்லை. அந்தக் கறை பின்சீட்டில் அப்படியே இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு மீரான், "துணின்னா நனைஞ்சது தெரியும்லா" என்று சொல்லி, பிள்ளையை அதன்மேல் படுக்க வைப்பார்.