அவசரம்!!! உடனே திற

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் 'பழுது' என்ற போர்டை மாட்டிவிட்டுத்தான் கருவிப் பையையே திறப்பார். அதனால் கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் பழுது. பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

ஊரெல்லாம் ஓசியில் கிடைக்கிற மெயிலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. இவர் மட்டும் இணையத்தில் தன் பெயரிலேயே ஒரு டொமைன் வாங்கிவைத்திருக்கிறார். அதில் எத்தனை மெயில் முகவரி வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளலாம். மனிதர் விடுவாரா? கண்ணாடிக்கடைக்கு ஒரு முகவரி, செருப்புக்கடைக்கு ஒன்று, பல் டாக்டருக்கு ஒன்று, கட்டின பெண்டாட்டிக்கு ஒன்று. எந்த முகவரிக்குக் குப்பை மெயில் வருகிறதோ, அதை வாங்கினவர்தான் வெளியே விட்டவர் என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாமாம். பட்டியலைப் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறார். குப்பை வந்த முகவரியை மூடிவிட்டுச் சிவப்புக் கோடு போடுவார். நான் துணி எடுக்கப் போனால் முதலில் கண்ணில் படுவது செருப்புக்கடையின் துரோகம்தான்.

ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு கண்ணாடிக்கடைக்குப் போனார்.

"இந்த அட்ரஸ உங்களுக்கு மட்டும்தான் குடுத்தேன். இப்ப இதுல தொப்பை குறைக்கிற மாத்திரைக்காரன் எழுதறான். எப்படி?"

கடைக்காரர் இவர் தொப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடி துடைக்கிற துணி ஒன்றை இலவசமாகக் கொடுத்து அனுப்பிவைத்தார். ஏதோ வழக்கில் ஜெயித்தது போல இவர் அதை வீடு வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்.

இவருக்கு ஒரே அக்கா. மூன்று மணி நேர பஸ் தூரத்தில், ஒரு ஆஸ்பத்திரியின் பதிவறையில் வேலை. காது மந்தமாகிக்கொண்டே வந்து போனில் பேச முடியாமல் போய்விட்டது. கையில் இருப்பது பட்டன் போன், அதில் பத்து எழுத்து அடிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தட்டித் தம்பிக்கு மெயில் போடுவார். தலைப்பெல்லாம் எழுதுகிற வழக்கம் கிடையாது. வாரம் ஒன்று வரும், இவரும் ஒன்று எழுதுவார். அந்தக் காலத்தில் இவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பாத்திரக்கடைக் குலுக்கலில் குக்கர் பரிசு என்றார்கள். அக்கா தன் பெயரை எழுதிப் போட்டதோடு, தம்பிக்கும் ஒரு வாய்ப்பு இருக்கட்டுமே என்று அவர் மெயில் முகவரியையும் எழுதிப் போட்டுவிட்டார். ஒரே வாரத்தில் நூற்றைம்பது குப்பை. இவர் அக்காவுக்கு இரண்டு பக்கம் உபதேசம் எழுதினார். 'ஒரு குக்கருக்கா இவ்வளவு பேச்சு?' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அவ்வளவுதான், மூக்குக்கு மேல் கோபம். அக்காவுக்கென்று கொடுத்திருந்த முகவரியை அப்போதே மூடிவிட்டார், இருந்த ஆத்திரத்தில் பட்டியலில் கோடு போடக்கூட இல்லை. வருகிறதைத் திருப்பி அனுப்பவும் மாட்டார். திருப்பினால் நாம் உயிரோடு இருப்பது குப்பைக்காரனுக்குத் தெரிந்துவிடுமாம். சத்தமில்லாமல் விழுங்கிவிட வேண்டுமாம்.

மூடினவர், மூடியதை மறந்தும் போனார். மன்னிப்புக் கேட்டு அக்கா எழுதட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, விருந்தாளி வரவில்லை என்று முறைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே ஒரு வரி போடுங்களேன்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"அவளுக்கே அவ்வளவு இருந்தா எனக்கு எவ்வளவு இருக்கும்?"

எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும். அக்காவின் பழைய மெயில்களைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் வந்தால் மூடிவிடுவார். நானாவது ஒரு பஸ் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடம் நிரம்பிவிட்டது என்று டொமைன் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. தோண்டிப் பார்த்தால், மூடின முகவரிகளுக்கு வந்ததெல்லாம் அழியாமல் ஒரு மூலையில் குவிந்திருக்கிறது. அறுபத்தோராயிரம். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இங்க வா, நான் எவ்வளவு தடுத்திருக்கேன்னு பாரு!"

துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த முகவரிக்கு வந்தது என்று பார்க்காமல், தலைப்புகளை மட்டும் கூவி விற்கிற குரலில் படித்தார். முடி கொட்டுகிறதா? சிரித்தோம். உங்களுக்கு ஒரு மாளிகை காத்திருக்கிறது! சிரித்தோம். 'அவசரம்!!! உடனே திற.' சிரித்தோம். 'ஏன் பதில் இல்லை?' அதற்கும் சிரித்தோம். 'கடைசித் தடவை கேட்கிறேன்.'

"பாவம், யாரோ ரொம்ப ஏங்குது" என்று சொல்லிக்கொண்டே அதைத் திறந்தார். அனுப்பியவர் இடத்தில் ஆஸ்பத்திரிப் பதிவறை என்று இருந்தது.

முப்பத்தேழு மெயில்கள். தலைப்பே எழுதாதவர், பதில் வராமல் போகப் போக எழுத ஆரம்பித்திருக்கிறார். காதுக்கு ஆபரேஷன் என்கிறார்கள், பயமாக இருக்கிறது, ஒருநாள் வந்துவிட்டுப் போ. இது எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் வந்ததுதான் கடைசி: 'ஆபரேஷன் முடிந்தது. காதில் மிஷின் வைத்திருக்கிறார்கள். இப்போது போன் பேசினால் கேட்கிறது. நம்பர் மாறவில்லை.'

இவர் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். நான்தான் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"யாரு?"

"அக்கா, நான்தான்."

"எனக்கு ஒண்ணும் வேணாம், வைங்க." வைத்துவிட்டார்.

மறுபடியும் போட்டேன்.

"அக்கா, வைக்காத. நெஜமாவே உன் தம்பிதான்."

"போன வாரம் ஒருத்தன் என் பையன்னு சொல்லிப் பேசினான். எனக்குப் பையனே கிடையாது. இந்த மிஷின்ல எல்லார் குரலும் தகர டப்பாவாத்தான் கேக்குது. என் தம்பி ஒரு வரி எழுதி ரெண்டு வருஷம் ஆச்சு. நீ எங்கேருந்து மொளச்ச?"

யாரெல்லாம் குப்பை என்று தீர்ப்புச் சொன்ன மனிதர், இப்போது தான் குப்பை இல்லை என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று.

"தம்பின்னா சொல்லு, முன்பல் எப்படி ஒடஞ்சுது?"

சைக்கிளிலிருந்து விழுந்ததாகத்தான் பதினெட்டு வருடமாக என்னிடம் சொல்லிவந்திருக்கிறார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீதான் படிக்கட்டுலேருந்து தள்ளிவிட்ட. வீட்டுல நான் சைக்கிள்லேருந்து விழுந்தேன்னு சொன்னேன்."

மறுபடியும் வைத்துவிட்டாரோ என்று போனை எட்டிப் பார்த்தேன்.

"எங்கடா போய்த் தொலஞ்ச?"

இவர் அழுத அழுகையை என் கல்யாண வாழ்க்கையில் பார்த்ததில்லை. "உன் அட்ரஸ மூடிட்டேன்கா. மூடினதையே மறந்துட்டேன்கா."

"எதுக்கு? அந்தக் குக்கருக்கா?"

"ஆமா."

"அது எனக்கு விழவே இல்லடா."

அடுத்த பஸ்ஸிலேயே இரண்டு பேரும் போய்விட்டு வந்தோம். புதிதாகச் சுத்தமான முகவரி ஒன்று தருகிறேன் என்றார் இவர். பழையதுதான் விரலுக்குப் பழக்கம் என்று அக்கா மறுத்துவிட்டார். இப்போது அந்த முகவரி திறந்தே கிடக்கிறது. தினமும் நாற்பது குப்பை. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பழுது உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் தள்ளுகிறார். முடி வளர்க்கிற எண்ணெயைக்கூட முழுசாகப் படிக்கிறார்.

புதன்கிழமை ஒன்று வந்தது. 'அவசரம்!!! உடனே திற.' டீ கொட்டியதுகூடத் தெரியாமல் திறந்தார்.

'ஒன்றுமில்லை. வந்து சேருகிறதா என்று பார்த்தேன்.'