புடவை நிழலில் முளைத்த காசித்தும்பை

புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த எழுபதுகளில், இயந்திரங்களைப் பொதிந்து வந்த பிளாஸ்டிக் தாளையும் பெட்டிப் பலகையையும் விலைக்கு வாங்கிவந்து, என் கணவர் புறவாசலில் ஆளுயரக் கூண்டு ஒன்று கட்டினார். உப்புக்காற்றில் என் பூநாற்றுகள் கருகாமல் இருப்பதற்காக. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, குளிக்கதுக்கா கட்டுதிய?"

முதலில் போட்ட காசித்தும்பை விதையெல்லாம் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் வெந்துபோனது. வெளியே காற்று, உள்ளே அடுப்பு! வந்த ஆத்திரத்தில் மறுபடி விதைத்தேன். துவைத்துக் கையில் வைத்திருந்த, ஞாயிறு ஆராதனைக்குக் கட்டும் வெள்ளைப் புடவையை ஈரத்தோடு கூரைமேல் விரித்தேன். காயக் காய அதன்மேல் தண்ணீர் தெளித்தேன்.

ஞாயிறு காலையில் உள்ளே குனிந்தவள் அலறிவிட்டேன்.

"ஓடி வாங்க! முளைச்சிட்டு!"

சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். விதைத்தோலைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு மண்ணைத் தள்ளி நின்றன பச்சை முளைகள். இருவரும் மண்டியிட்டோம்.

"மூச்சு விடாதிய, சாஞ்சிரும்" என்றேன்.

கோயில் மணி அடித்தது. அவர் கூரையைப் பார்த்தார்.

"ஒன் புடவைய எடுக்கட்டா?"

"ஒங்க வேட்டிய அங்கன போட்டுட்டு எடுங்க!"

அன்றைய ஆராதனைக்கு நான் மண்வாசம் அடிக்கும் ஈரப் புடவையில் போனேன். அவர் அலுவலகக் கால்சட்டையில் வந்தார், ஒரு கன்னம் மட்டும் மழித்திருந்தது.