ஆர்லினின் நீல வால்விளக்கு

ஆர்லினைப் பொய்யன் என்று சொன்ன அத்தனை பேரும் இன்னும் இதே கிக்கப்பூ பள்ளத்தாக்கில்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் மதுக்கடையில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அவனிடம் வந்து தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொன்னதில்லை. எனக்கு அது ஆறவில்லை.

ஆர்லின் என் சித்தி மகன். ஆன்டன் தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள். என் அம்மா தலைச்சன், அவன் அம்மா இங்கா கடைக்குட்டி. அதனால் எனக்கும் அவனுக்கும் இருபத்துமூன்று வயது வித்தியாசம். பண்ணை பண்ணையாகப் போய் மாடுகளுக்குக் குளம்பு சீவுவது அவன் தொழில். மாட்டை நிறுத்திப் பிடிக்கும் இரும்புக் கூண்டை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போவான். முப்பது வருடத்தில் அவன் கைபட்ட மாடு நொண்டியது என்று ஒருவரும் சொன்னதில்லை. வாய்தான் கிடையாது. எவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பான். அதுவே பாதி வினை.

அவனுக்கு இருந்த ஒரே ஆசை, அக்டோபரில் வில்லை எடுத்துக்கொண்டு ஆர்டிஸ் அம்மாளின் கருவாலி மரமேட்டில் ஒரு மரத்தில் ஏணி கட்டி மானுக்குக் காத்து உட்காருவது. பதினெட்டு வருடமாக அங்கே உட்கார்ந்தவன். ஆர்டிஸ் அம்மாள் கணவரில்லாமல் தனியாக அறுபது மாடு வைத்துப் பண்ணை நடத்துகிறவர். வேட்டைக்கு விடுவதற்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: அம்பு பட்ட மானைத் தேடாமல் போகிறவன் மறுபடி அவர் வேலிக்குள் கால் வைக்கக் கூடாது.

ஆர்லினின் மனைவி ஜோலீனுக்கு ஒரு தம்பி, ராய்ஸ். நாலு வருடமாக அதே மேட்டில், ஆர்லினுக்கு இருநூறு அடி தள்ளி இன்னொரு மரத்தில் உட்காருவான். ஆர்லினின் மரம்தான் நல்ல மரம் என்று அதன்மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண். போன வருடம் அவன்தான் இருவருக்கும் வால்விளக்கு வாங்கி வந்தான். அம்பின் வாலில் நாணைக் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதல்லவா, அதற்குள் ஒரு பொடி விளக்கு. நாண் உந்தியதும் எரியும். அம்பு எங்கே பட்டது, எங்கே விழுந்தது என்று அந்தி வெளிச்சத்திலும் தெரியும். அம்பு கிடைத்தால் அதில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்து, மான் எங்கே அடிபட்டது, எவ்வளவு நேரம் பொறுத்துப் பின்தொடர வேண்டும் என்று முடிவு செய்யலாம். ராய்ஸ் வாங்கியது சிவப்பு. ஆர்லினை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் ஆர்லின் ஒரு கொம்புமானை அடித்தான். அது பின்னங்காலை உதைத்துவிட்டு ஓடைப்பக்கம் பாய்ந்தது. அவன் இறங்கி, டார்ச்சு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மண்டியிட்டுத் தேடினான். அம்பும் இல்லை, ரத்தமும் இல்லை. விடிந்ததும் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனான். காலையில் ராய்ஸும் அவன்கூடப் போனான். ராய்ஸ் நேராக நடந்து, பதினைந்தாவது எட்டில் இலைக்கடியிலிருந்து அம்பை உருவினான். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து எண்பது எட்டு தள்ளி மான் கிடந்தது. கயோட்டி நரிகள் பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தன.

ஆர்லின் போய்ச் சொல்வதற்குள் ராய்ஸ் ஆர்டிஸ் அம்மாள் வாசலில் நின்றான். ஆர்லின் தேடவே இல்லை, சாப்பாட்டு நேரமாயிற்று என்று போய்விட்டான் என்றான். அன்று மத்தியானமே அந்த அம்மாள் ஆர்லினை ஏணியை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். தேடினேன் என்று ஆர்லின் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதுக்கடையில் நானும் இருந்தேன். ராய்ஸ் எரிகிற சிவப்பு விளக்கைக் கொண்டுவந்து ஆர்லினின் முட்டைக்கோஸ் தட்டில் செருகினான்.

"என்ன மாப்ள, இப்பவாச்சும் கண்ணுக்குத் தெரியுதா? இல்ல, இதையும் காலைல வந்துதான் பாப்பீங்களா?"

கடையே சிரித்தது. ஆர்லின் தட்டைத் தள்ளி வைத்தான்.

"நான் பாக்கல மச்சான். ரத்தமும் பாக்கல."

"பெயிண்டு டப்பா கவுந்த மாதிரி கெடந்துச்சு! அம்பு வேற சிகரெட்டு நுனியாட்டம் எரியுது. என் மரத்து மேலருந்தே தெரிஞ்சுதுய்யா. இவரு என்னடான்னா டார்ச்ச வெச்சுக்கிட்டு அதையே சுத்திச் சுத்தி வராரு, கோயில் சுத்துற மாதிரி!"

மறுபடி சிரிப்பு. நான் மட்டும் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். இரண்டு காரணம். தேடவே இல்லை என்று ஊரெல்லாம் சொன்னவன், அவன் சுற்றிச் சுற்றித் தேடியதை மரத்திலிருந்து பார்த்தேன் என்கிறானே, அது ஒன்று. ஆர்லின் 'பாக்கல' என்று சொன்ன விதம் இன்னொன்று. அந்தச் சொல்லை அதே குரலில் நான் கேட்டிருக்கிறேன். ஆன்டன் தாத்தா ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போனால் கூடை நிறையக் காயாகக் கொண்டுவருவார். பாட்டி கத்துவாள், பழத்தைப் பார்க்கவில்லை என்பார் அவர். அவர் தம்பி செல்மரைக் கடற்படைக்காரர்கள் புள்ளிப் படம் காட்டி, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குறை தாத்தாவுக்கு இருந்தது, அவர் தம்பிக்கு இருந்தது. மகள்கள் கண்ணில் குறையில்லை, மகள் வயிற்றுப் பையனுக்கு வந்து நிற்கிறது.

மறுநாள் காலை அவனை என் வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனேன். அங்கே காட்டு ஆப்பிள் மரம், குத்துக் குத்தாகச் சிவப்புப் பழம்.

"பழம் எவ்ளோ இருக்குன்னு சொல்லுடா."

கொஞ்ச நேரம் பார்த்தான். "பறிச்சுட்டீங்களாக்கா? எல்லாம் எலையாத்தான தெரியுது?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஏன்டா, ஐம்பத்திநாலு வயசாச்சு. ஒருத்தர்கிட்டயாவது சொன்னியா? ஜோலீனுக்குத் தெரியுமா?"

"சொன்னா எவன்க்கா குளம்பு சீவக் கூப்பிடுவான்? கத்தி ஆழமாப் போனா ரத்தம் தெரியாதவன்கிட்ட மாட்ட விடுவானா?"

"அப்ப இத்தன வருசம் எப்படிடா சீவுன?"

கட்டைவிரலைக் காட்டினான். "தடவிப் பாப்பேன். ரத்தம்னா பிசுபிசுன்னு சூடா இருக்கும். குளம்பு மெலிசாகும்போதே விரலுக்குத் தெரிஞ்சுரும். கத்தி அங்க போறதுக்கு முன்னாடியே நிறுத்திருவேன்."

நேராக வில்லுக் கடைக்கு வண்டியை விடச் சொன்னேன். சுவரில் வால்விளக்குகள் வரிசையாகத் தொங்கின. ஆர்லின் தன் அம்பைக் கொடுத்தான். கடைக்காரர் அம்புத்தண்டுக் குழாயின் உள்ளளவு பார்த்து, அதில் சரியாக உட்காருகிறவற்றை மட்டும் எடுத்து வைத்தார். பிறகு நாணில் மாட்டிப் பார்த்தார்கள். 'டிக்' என்று கவ்வாதது விலகிப்போனது. தளர்வாக இருந்தால் விளக்கு எரியாது, இறுக்கமாக இருந்தால் அம்பு கோணும்.

"சிவப்பா, பச்சையா? பச்ச எடுங்க, நம்ம ஃபுட்பால் டீம் கலரு."

"நீலம் இருக்கா?" என்றான் ஆர்லின்.

கடைக்காரர் சிரித்தார். "நீலமா? மானுக்கு நல்லாத் தெரியுற ஒரே கலரு அதான்! அதுக்குத் தெரியுறத வாங்கிட்டுப் போய் அதுமேலயே விடப் போறீங்களா? ரோஸ் கூட இருக்கு, அக்காவுக்குக் குடுக்கட்டா?"

"எனக்குக் குடுக்குறது இருக்கட்டும். சிவப்பு, பச்ச, நீலம் மூணையும் எரியவிட்டுக் கொல்லைல எலைக்குள்ள போடுங்க," என்றேன்.

போட்டார். மப்பு மூடிய நாள், கொட்டகை நிழலில் இலைக்குவியல். ஆர்லின் வந்து நின்றான். நீலத்தை நின்ற இடத்திலிருந்தே காட்டினான். பச்சையைக் குனிந்து தேடி, வெளுத்த இலையோ என்று சந்தேகப்பட்டு எடுத்தான். சிவப்பு அவன் பூட்ஸ் நுனியில் எரிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போனான்.

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

"மானு நீலத்தப் பாக்குறதுக்குள்ள அம்பு அதக் கடந்து போயிருக்கும்ங்க," என்றான் ஆர்லின். "விழுந்தப்புறம் அதத் தேடுறது நான்தான், மானில்ல."

விளக்கால் வால் கனத்துவிடும் என்பதால் முனையையும் கொஞ்சம் கனமானதாக மாற்றிக்கொண்டான். வீட்டில் வைக்கோல் கட்டின்மேல் இருபது தடவை விட்டுப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து ஆர்டிஸ் அம்மாள் வீட்டுக்குப் போனோம். தொழில் போனாலும் போகட்டும் என்று அவனே வாயைத் திறந்தான். கேட்டு முடித்த அந்த அம்மாள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பதினெட்டு வருசமா ரத்தம் தெரியாமலா என் மாடுங்களுக்குச் சீவுன?"

"ஆமாங்கம்மா."

"ஒண்ணுகூட நொண்டலியே!"

"இல்லீங்கம்மா."

அப்போது நான் மதுக்கடையில் கேட்டதைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் ராய்ஸுக்குப் போன் போட்டார்.

"ஏம்ப்பா, அன்னைக்குச் சாயங்காலமே மரத்துலருந்து அம்பு எரியுறதப் பாத்தியா?... பாத்தியா. இவன் டார்ச்ச வெச்சுத் தேடுறதும் தெரிஞ்சுதா?... அப்ப ஏன்ப்பா ஒரு சத்தம் குடுக்கல? என்கிட்ட வந்து தேடலன்னு ஏன் சொன்ன?... அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சியா. சரி. நாளைக்கு வந்து உன் ஏணிய எடுத்துட்டுப் போ."

ஆர்லின் பக்கம் திரும்பினார். "உன் ஏணிய நீயே கட்டிக்க. அடிச்சா என்னக் கூப்பிடு. அம்ப நீ கண்டுபிடி, ரத்தத்த நான் பாத்துச் சொல்றேன்."

நவம்பர் இரண்டாம் வாரம் அவன் ஒரு பெண்மானை அடித்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் நீலம் மினுங்கியது. போய் எடுத்து வந்து ஆர்டிஸ் அம்மாளிடம் நீட்டினான். வெளிர்சிவப்பு, நுரை நுரையாக இருக்கிறது, நுரையீரலில்தான் பட்டிருக்கிறது என்றார் அவர். ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே அவர் முன்னால் நடக்க, அரை மணி நேரத்தில் மானை இழுத்து வந்தார்கள்.

கதை நன்றாக முடிந்தது என்பீர்கள். இந்தச் செப்டம்பரில் அவனுக்கு ஒரு நீல விளக்குப் பொட்டலம் வாங்க அதே கடைக்குப் போனேன். நீலம் தொங்கிய கொக்கி காலி.

"எல்லாம் தீந்துபோச்சுக்கா," என்றார் கடைக்காரர். "உங்க ராய்ஸ்தான் வரவன் போறவன்கிட்டல்லாம் சொல்றாரே, அந்தியில நீலம்தான் எடுப்பாத் தெரியும்னு. அவரே ரெண்டு வருசமா வெச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சாராம்."

வெளியே வண்டிக்குள் ஆர்லின் உட்கார்ந்திருந்தான். போய்ச் சொன்னேன்.

"போகட்டும்க்கா. அடுத்த வாரம் வருமான்னு கேட்டீங்களா?"

கேட்கத் திரும்பி உள்ளே போனேன். கடையில் அப்போது ஏழு பேர் இருந்தார்கள். வருமா என்று கேட்பதற்கு முன்னால், நீலத்தை யார் கண்டுபிடித்தார்கள் என்று அந்த ஏழு பேருக்கும் காதில் விழும்படி முதலிலிருந்து சொன்னேன்.