நாலாவது ஆளுக்கும் தண்ணீர்

இது கட்டிவிட்ட கதை இல்லை. கிருஷ்ணவேணிக்குக் கதை கட்டவெல்லாம் வராது. அடுத்த வீட்டுக்காரி வைத்த குழம்பில் உப்பு இல்லையென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ரகம். அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது எப்படியும் சிரிப்பு வராது.

1974. டொராண்டோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த பிப்ரவரி மாதம். கிருஷ்ணவேணியின் கணவன் உமாபதி ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஒன்பதாவது மாடியில் குடியிருப்பு. அவனோடு கோயம்புத்தூரில் ஒரே காலேஜில் படித்த ஜாபருக்குப் பக்கத்து ஊரான மிசிசாகாவில் வேலை. யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தனுஷ்கோடி இன்னும் கல்யாணமாகாதவன். சனிக்கிழமையானால் மூவரும் உமாபதி வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தக் குளிரில் மூவருக்கும் பாலைவனப் பைத்தியம் பிடித்தது. ஏப்ரலில் இரண்டு வாரம் லீவு போட்டு, காரிலேயே அமெரிக்காவுக்குள் போய், நெவாடா பாலைவனத்தில் நாலு நாள் நடப்பது, கூடாரம் போட்டுத் தங்குவது என்று திட்டம். எல்லாம் அரசாங்கப் பொது நிலம். எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம், ஏனென்று கேட்க ஆள் கிடையாது. வாடகையும் கிடையாது என்றதும் ஜாபர் உடனே சம்மதித்துவிட்டான்.

கிருஷ்ணவேணிக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது.

"மூணு பேராவா கிளம்பறீங்க? ஆகாதுங்க. கூட ஒரு கல்லையாவது எடுத்துக்கிட்டு நாலாக்கிக்குங்க."

உமாபதி தலையில் அடித்துக்கொண்டான். "எங்க வீட்லயும் இப்படித்தான் சொல்லுவாங்க தங்கச்சி" என்றான் ஜாபர். தனுஷ்கோடி சிரித்துக்கொண்டே லிஃப்டில் இறங்கிப் போய் ஒரு கல்லோடு வந்தான். உள்ளங்கை அகலம். செங்கல் நிறம்.

"வாசல்லயே கெடந்துச்சு அண்ணி. சுத்தி முழங்கால் அளவு பனி. இது மேல மட்டும் ஒரு பொட்டுப் பனி இல்ல."

கையில் வாங்கினாள். கல் வெதுவெதுப்பாக இருந்தது. கோட்டுப் பைக்குள் வைத்திருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

கணக்கில் சேர்த்தால் முழுசாகச் சேர்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. பாதியில் விட்டால்தான் தோஷம். ஆகையால் கல்லைக் கம்பளத்தில் ஓர் இடம் ஒதுக்கி உட்கார வைத்தாள். மூவருக்கும் காபி. கல்லுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அன்று எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

டம்ளரை எடுக்க மறந்துவிட்டாள். காலையில் பார்த்தால் அது காலி.

"ஹீட்டர் போட்டா காத்து காய்ஞ்சு போயிடும். தண்ணி ஆவியாகத்தான் செய்யும்" என்றான் உமாபதி. இன்ஜினியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மறுபடி ஊற்றி வைத்தாள். சாயங்காலம் அதுவும் காலி. பக்கத்தில் வைத்திருந்த பூந்தொட்டியின் மண் ஈரமாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வரைபடத்தை விரித்தபோது ஒரு புள்ளி இருந்தது. பாதையிலிருந்து வெகுதூரம் தள்ளி, வறண்ட ஓடை ஒன்று திரும்புகிற இடத்தில், பென்சிலால் அழுத்தி வைத்த புள்ளி.

"நல்ல இடமாத்தான் பார்த்திருக்க" என்றான் உமாபதி ஜாபரிடம்.

"நான் எங்கடா பார்த்தேன்? நீ வெச்சதுன்னு நெனச்சேன்."

இருவரும் தனுஷ்கோடியைப் பார்த்தார்கள். அவன் தோளைக் குலுக்கினான். யாரோ வைத்தோம், மறந்துவிட்டோம் என்று முடிவாகியது. அங்கேயே கூடாரம் போடுவதென்றும் முடிவாகியது. ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் வாதம் செய்கிற மூன்று பேர்...

பாலைவனத்துக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்வது வழக்கம். எங்கே தங்குகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று அந்த ஊர் நில அலுவலகத்தில் சொல்லி வைப்பார்கள். சொன்ன தேதிக்குத் தகவல் வராவிட்டால் தேடி வருவார்கள். ஜாபர் ஒரு நாள் மத்தியானம் உமாபதி வீட்டிலிருந்தே போன் செய்தான். நடுவில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"எத்தனை பேருன்னு கேக்கறான்."

"நாலுன்னே சொல்லுங்கண்ணே. அங்க ஒண்ணு இங்க ஒண்ணு சொல்லக் கூடாது" என்றாள் கிருஷ்ணவேணி.

"நாலு பேர்" என்று ஆங்கிலத்தில் சொன்னான் ஜாபர். புள்ளி இருந்த இடத்தையும் திரும்பும் தேதியையும் உமாபதி வீட்டு போன் நம்பரையும் சொன்னான்.

அன்றிலிருந்துதான் தாகம் ஆரம்பித்தது.

உமாபதி சொம்பு சொம்பாகக் குடித்தான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. வெளியே பனி, உள்ளே இவன் கோடையில் நிற்கிறவன் போல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தான். கம்பளத்தைப் பெருக்கினால் சிவப்பாகப் பொடி வந்தது. மணல். கிருஷ்ணவேணி அதை அள்ளிக் குப்பையில் கொட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. கல்லைக் கொண்டுவரச் சொன்னதே அவள்தானே?

கிளம்ப இரண்டு நாள். பால்கனியில் தண்ணீர் டின்களை அடுக்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்று உமாபதியே கணக்குப் போட்டு வாங்கியவை. அன்று சாயங்காலம் அவன் அவற்றை ஒவ்வொன்றாகக் குளியலறையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க... என்ன பண்றீங்க?"

"எதுக்கு வீண் சுமை? அங்க தண்ணி இருக்கு."

"பாலைவனத்துலயா?"

"ஓடைத் திருப்பத்துல. தோண்டினா வருமாம். அவர் சொன்னார்."

"எவரு?"

உமாபதி நிமிர்ந்தான். தூக்கத்திலிருந்து எழுப்பியவன் மாதிரி விழித்தான்.

"...ஜாபரா இருக்கும்."

ஜாபருக்குப் போன் செய்தாள். "உமாபதிதான் சொன்னான் தங்கச்சி." தனுஷ்கோடிக்குச் செய்தாள். "பாய் சொன்னாரே அண்ணி." வரைபடத்தை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். அந்தப் புள்ளியைச் சுற்றி எங்கேயும் தண்ணீரைக் காட்டுகிற நீல நிறமே இல்லை.

மூன்று பேரையும் தண்ணீர் இல்லாமல் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான்... எவனோ.

உமாபதியிடம் எடுத்துச் சொன்னாள். அழுதாள். அவன் காதில் ஏறவில்லை. "வந்துடறேன் வேணி" என்று மட்டும் சொன்னான். குரல் வறண்டு கிடந்தது.

கிளம்புகிற அன்று காலை வீடு அமர்க்களப்பட்டது. உமாபதியின் பாஸ்போர்ட்டைக் காணோம். அலமாரியைக் கவிழ்த்தார்கள். மெத்தையைப் புரட்டினார்கள். ஒருத்தரும் தேடாத அரிசி டின்னுக்குள் அடியில் இருந்தது அது. கிருஷ்ணவேணி அந்த டின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். உமாபதி கத்தினான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கையை ஓங்கினான். அவள் எழுந்திருக்கவே இல்லை.

மத்தியானம் பயணம் ரத்தானது. அவன் இல்லாமல் போக மற்ற இருவருக்கும் மனசில்லை. லீவும் போய், பேச்சும் அறுந்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு பிரிந்தார்கள். அந்தக் கோபத்தில் நில அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுமென்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எல்லாரும் போனபின் கிருஷ்ணவேணி கல்லைத் தேடினாள். எங்காவது தூரமாக எறிந்துவிடலாம் என்று.

இல்லை.

கம்பளத்தில் அது இருந்த இடம் சூடாக இருந்தது.

அன்று இரவே உமாபதிக்குத் தாகம் அடங்கியது. உதடும் ஆறியது. ஆனால் பெண்டாட்டியோடு பேசவில்லை. இரண்டு வாரம் போய்விட்டது. பேசாவிட்டால் போகட்டும், ஆள் இருக்கிறானே என்று அவள் சமைத்துப் போட்டாள்.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். உமாபதி வேலைக்குப் போயிருந்தான். போன் அடித்தது.

நெவாடாவிலிருந்து. நில அலுவலகத்து மனிதர். நாலு பேரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்களா என்று மெதுவாகக் கேட்டார்.

அவர்கள் கிளம்பவே இல்லை என்றாள் கிருஷ்ணவேணி. மன்னிப்புக் கேட்டாள்.

எதிர்முனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

பிறகு அவர் சொன்னார். தகவல் வராததால் முந்தாநாள் அந்த ஓடைத் திருப்பத்துக்குத் தேடிப் போனார்களாம். கார் இல்லை. கூடாரம் இல்லை. ஒரு ஆள் மட்டும் இருந்தான்.

"உயிரோடவா?" தமிழிலேயே கேட்டுவிட்டாள். அவருக்குப் புரிந்ததோ என்னவோ...

செத்து மூன்று கோடையாவது ஆகியிருக்கும் என்றார். தாகத்தில் செத்தவன். யாரென்று தெரியவில்லை. அவனைக் காணோமென்று அதுவரை யாரும் தேடவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது என்றார்.

அந்த ஆளுக்குப் பக்கத்தில், வரிசையாக, மூன்று பேர் படுக்கிற அளவுக்கு இடம். கல்லெல்லாம் பொறுக்கி ஒதுக்கியிருந்தது. காற்றில் ஒரு மணி நேரத்தில் காலடியே மூடிப்போகிற இடம் அது. ஆனால் அந்த மூன்று இடமும் அப்போதுதான் பெருக்கி வைத்தது போல் இருந்தனவாம்.

அதில் இரண்டு ஒரே அளவு. அவனுக்கு அடுத்தாற்போல் இருந்தது மட்டும் அரை அடி கூடுதல் நீளம்.

மூன்று பேரில் உமாபதிதான் உயரம். ஆறடி இரண்டு அங்குலம்.