கேமரன் மலையில் அக்கா எடுத்த விடுமுறை

கேமரன் மலையில் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் கார் நிறுத்துமிடத்தில், தூறலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியைக் காதோடு அழுத்தியபடி நின்ற அக்காதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறாள். அங்கேதான் லைன் ஓரளவு கிடைத்தது. "புளிய இப்ப ஊத்தாதீங்கண்ணே, பருப்பு வேகட்டும்லா!" என்று அவள் கத்தியது மாடி அறைவரை கேட்டது. பால்கனியில் என்னோடு நின்ற அத்தான் சிரித்தார். "உங்க அக்கா கிள்ளான்லதான் இருக்காம்மா. நாமதான் இங்க வந்திருக்கோம்."

அக்காவுக்கு எங்கள் ஊரான கிள்ளானில் கேட்டரிங் தொழில். பக்கத்து மேரு தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு வீட்டு அடுப்பில் சமைத்து மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துத் தொடங்கியவள், கல்யாண மண்டபங்கள்வரை வளர்ந்துவிட்டாள். வளர வளர அவளுக்கு ஓய்வு குறைந்தது. காய்ச்சல் அடித்தாலும் சமையற்கூடத்து நாற்காலியில் போர்வையோடு வந்து உட்காருவாள். கொஞ்சம் ஓய்வெடு என்று யாராவது சொன்னால் கோபம்தான் வரும். "நான் இல்லாத அன்னைக்கு உப்பு கூடிப்போனா, பேரு யாருக்குக் கெடும்?" என்பாள்.

அத்தான் லோரி ஓட்டியவர். கேமரனில் காய்கறி ஏற்றிச் செலாயாங் மொத்தச் சந்தையில் இறக்குவது அவர் வேலை. விடிவதற்குள் சந்தைக்கு வந்து சேர வேண்டும் என்பதால், அத்தனை வருடமும் அந்த மலையை இருட்டில்தான் இறங்கியிருக்கிறார். தேயிலைச் சரிவில் வெயில் ஏறுவதை அக்காவோடு நின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரிதாக ஒன்றும் கேட்காத மனிதர், இதை மட்டும் வருடா வருடம் கேட்டார். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு கல்யாணம் குறுக்கே வந்தது.

வேலையிலிருந்து நின்று, கண் அறுவை சிகிச்சையும் முடிந்த பிறகு ஒருநாள் அவரே விடுதியில் அறை எடுத்துவிட்டார். கார் ஓட்ட என்னைக் கூப்பிட்டார். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினாள். அந்த வார இறுதியில் கிள்ளானில் ஒரு பெரிய கல்யாணச் சாப்பாடு இருந்தது. மலை ஏறும்போதே தன் தலைமைச் சமையல்காரரோடு கைப்பேசியில் பேச ஆரம்பித்தவள், அங்கே இருந்த நாள் முழுக்க நிறுத்தவில்லை. மறுநாள் காலை அத்தான் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார். "நீங்க முன்னால போங்க, இதோ வரேன்" என்று கையைக் காட்டினாள் அக்கா. தேயிலைச் சரிவில் நானும் அவரும் நின்றோம். மூடுபனி விலகி, பச்சை மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவர் அதைப் பார்த்ததைவிடப் பாதையைத் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். வெயில் சுள்ளென்று ஆனபிறகு, "பரவால்லம்மா. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று நடந்தார்.

அடுத்த தடவை வரவில்லை. அடுத்த தீபாவளிக்கு முன்பே, மாரடைப்பில் அத்தான் போய்விட்டார்.

காரியம் முடிந்து அக்கா மறுபடியும் சமையற்கூடத்துக்கு வந்த சில வாரங்களில், அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று தலைமைச் சமையல்காரர் ஒன்றைச் சொன்னார். "அக்கா, நீங்க கேமரன்லேர்ந்து போன் பண்ணீங்களே, ஞாபகம் இருக்கா? போனை ஸ்பீக்கர்ல போட்டு அரிசி மூட்டை மேல வச்சிட்டு, நாங்க பாட்டுக்கு வேலையப் பாத்தோம். நடுவுல நடுவுல 'சரிக்கா, சரிக்கா'ன்னு மட்டும் சொல்லுவேன். அன்னைக்குச் சாப்பாடு பிரமாதம்னு மாப்பிள்ளை வீட்டுல கைகொடுத்துட்டுப் போனாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கும்படி, "அப்போ அன்னைக்கு நான் யார்கூடதான் இருந்தேன்?" என்றாள்.

இப்போது அக்கா வருடத்தில் ஒரு வாரம் முழுதாக விடுப்பு எடுக்கிறாள். சாவியைத் தலைமைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, கைப்பேசியை அணைத்துவிடுகிறாள். அந்த வாரங்களில் உப்பு கூடியதாக இதுவரை ஒரு புகாரும் இல்லை. தொழில் செய்யும் சிநேகிதிகள், எப்படி முடிகிறது என்று அவளிடம் ஆச்சரியமாகக் கேட்கிறார்கள். முன்பே முடிந்திருக்கும் என்பதுதான் அவளை வாட்டுகிறது என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

இந்த வருடம் என்னை அழைத்துக்கொண்டு கேமரனுக்கே போனாள். விடியும் முன்பே எழுந்து, என்னையும் எழுப்பி, சரிவில் வந்து நின்றாள். வெயில் ஏறி முடியும்வரை சரிவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"நல்லா இருக்காக்கா?"

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "காட்டணும்னு நெனச்சவருதான் இல்ல."