பதினாறா அறுபத்துநாலா: குருநகருக்கு ஒரு காலைப் பயணம்

காலை 7.10. உரும்பிராய்ச் சந்தியில் பேருந்து ஏறினேன். ட்ரோன் பையை மடியில் வைத்து, யாழ்ப்பாணம் போவதற்குள் மூன்று தரம் திறந்து பார்த்துவிட்டேன். எட்டுக் கிலோமீற்றர்கூட இல்லை. ரிக்கெற் அறுபது ரூபா. பக்கத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு இருந்த அக்கா, "உள்ளுக்கை கோழிக்குஞ்சே தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குருநகரில் ஜெராட் அண்ணை ஒன்பதரைக்குப் புதுப் படகை முதன்முதலாகக் கடலில் விடுகிறார். அதை வானிலிருந்து எடுத்து அவருடைய அம்மா மேரியம்மாவுக்குக் காட்டவேண்டும். கணவர் கடலோடு போன நாளிலிருந்து மேரியம்மா கரைக்கே வருவதில்லை.

என் ட்ரோனுக்கு இரண்டு கமரா. ஒன்று அகலமாகப் பார்க்கும். மற்றது தூரத்து முகத்தைக் கிட்டக் கொண்டுவரும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சட்டத்தில் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் மாட்டவேண்டும். வெளிச்சத்தைக் குறைக்கிற அது சரியாக அமையாவிட்டால் அலைகள் வெட்டி வெட்டி ஓடும். என்னிடம் இருந்த பதினாறாம் இலக்க ஃபில்டர் முந்தாநாள் சீமெந்துத் தரையில் விழுந்து உடைந்துபோனது.

8.20. பட்டணத்துக் கடையில் இரண்டே இரண்டுதான் இருந்தன: பதினாறும் அறுபத்துநாலும். இலக்கம் கூடினால் கறுப்பும் கூடும். ஒன்று 9,500 ரூபா; இரண்டையும் வாங்க வழியில்லை.

"எங்கை எடுக்கப் போறியள்?" என்றார் கடைக்காரர்.

"குருநகர்க் கரையிலை."

"அப்ப அறுபத்துநாலைக் கொண்டு போங்கோ. அங்கை தண்ணி கண்ணைப் பறிக்கும்."

"இல்லை அண்ணை. எங்கடை தோட்டத்திலை மத்தியான வெயிலுக்கும் பதினாறே காணும், அதுக்கு மேலை தேவையில்லை."

விற்கிறவர் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துப் பதினாறையே வாங்கினேன். இரண்டும் ஒரே விலை என்பது ஓட்டோவில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

9.00. ஓட்டோவுக்கு முந்நூறு ரூபா. மேரியம்மா தன் வீட்டு வாசலில் நின்றார். "தம்பி, அவன்ரை முகத்தைக் கிட்ட எடும். லைஃப் ஜக்கெற் போட்டுத்தான் போறானோ எண்டு நான் பாக்கவேணும்." தலையாட்டினேன். மனம் முழுக்க ஃபில்டரில்தான் இருந்தது.

9.40. கரையில் பங்குச் சுவாமியார் தீர்த்தம் தெளித்தார், படகு இறங்கியது. பறக்கவிட வாங்கிய அனுமதிக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ட்ரோனை ஏற்றினேன். திரையில் கடலே இல்லை, ஒரே வெள்ளை. விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு திறக்கவேண்டிய கமராவை இருநூறில் ஒரு பங்காக இறுக்கினேன். படம் தெரிந்தது, அலைகள் மட்டும் துள்ளித் துள்ளி ஓடின. அப்படியே மற்றக் கமராவால் ஜெராட் அண்ணையின் முகத்தையும் கிட்ட எடுத்தேன்.

பக்கத்தில் நின்ற ஜெராட் அண்ணையின் மைத்துனரிடம், "ஒருக்காத் திரும்பி வரச் சொல்லேலுமோ?" என்று கெஞ்சினேன்.

"என்ன கதைக்கிறியள்? புதுப் படகு மீனில்லாமல் கரைக்குத் திரும்பாது."

10.30. மேரியம்மாவிடம் ஃபோனை நீட்டும்போது வெட்கமாக இருந்தது. "தண்ணி வடிவா வரேல்லை அம்மா."

"தண்ணியை ஆர் கேட்டது? முகத்தைக் காட்டும்."

காட்டினேன். "நிப்பாட்டும்" என்றார். தெறித்த ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஜெராட் அண்ணையின் செம்மஞ்சள் லைஃப் ஜக்கெற் திறந்து கிடந்தது. அதன் வார் காற்றில் தொங்கியது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மேரியம்மா தன் ஃபோனில் அழைத்தார். படகு இயந்திரத்தின் இரைச்சலோடு ஜெராட் அண்ணையின் குரல் வந்தது.

"ஜக்கெற்றைப் பூட்டு."

"பூட்டித்தானே அம்மா இருக்கிறன்."

"பொய் சொல்லாதை. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

இரைச்சலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு, "சரி அம்மா. பூட்டியாச்சு."

12.15. திரும்பும் பேருந்தில் உரும்பிராயை நெருங்கியதும் செம்மண் தோட்டங்கள் வந்தன. இந்த மண் வெயிலைக் குடித்துவிடும். கடல் அதை முகத்திலேயே திருப்பி எறியும். பிறந்ததிலிருந்து இதற்குள் வாழ்ந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அறுபத்துநாலை வாங்கியிருந்தால் அலை பட்டுப்போல் வந்திருக்கும். ஆடுகிற படகில் அந்த வார் கலங்கிப்போயிருக்கும். தப்பான கண்ணாடிக்கு நன்றி சொல்வதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. வீட்டில் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை 5.20க்கு மேரியம்மா அழைத்தார்.

"வந்திட்டான் தம்பி. பூட்டினது பூட்டினபடி."